கொள்ளைநோய்க் காலத்துப் பேரங்கள்

1892 ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் காலரா தலைகாட்டியது. அந்த நகரை ஆண்ட செனட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். மற்றவர்கள் அந்த வணிகர்களுக்கு வழக்காடிய வக்கீல்கள். காலரா என்று வாய்விட்டுச் சொன்னால் பிற துறைமுகங்கள் ஹாம்பர்க் கப்பல்களைக் கரைக்கு வரவிடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் சில நாட்கள் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அதற்குள் வடிகட்டாத எல்பே ஆற்று நீர் குழாய் வழியே வீடுவீடாக நோயைக் கொண்டுசேர்த்தது. மணல் வடிகட்டி அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகச் செலவுக் கணக்கில் சிக்கிக் கிடந்ததுதான். சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஊர் எல்லையை ஒட்டி, பிரஷ்ய நிர்வாகத்தில் இருந்த ஆல்டோனா அதே ஆற்றின் நீரைத்தான் குடித்தது, ஆனால் வடிகட்டிக் குடித்தது. அங்கே சேதம் சொற்பம். எந்தக் கப்பல் வணிகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ, அதுவும் முடங்கியது.

வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் 1987இல் இந்தக் கதையைப் பெரிய நூலாக எழுதினார். 2020இல் கொரோனா வந்தபோது பலர் அந்த நூலை மறுபடி கையில் எடுத்தார்கள். உயிரைக் காத்தால் பொருளும் தானாகக் காக்கப்படும், இரண்டுக்கும் இடையில் முரணே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு ஹாம்பர்க் நல்ல சாட்சி. எதிர்த் தரப்போ, மருந்தே நோயைவிடக் கொடிதாகிவிடக் கூடாது என்றது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய உதாரணங்களை வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. காரணம் எளிது: பேரம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. யார் பேசினார்கள், எந்த வாரத்தில் பேசினார்கள், கையில் என்ன வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறியிருக்கிறது. முரணே இல்லை என்ற வாதம் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த மாதங்களைப் பார்த்தவர்களால் அதை முழுதாக ஏற்க முடியாது.

வணிகத்துக்கும் நோய்க்கொள்கைக்கும் உள்ள உறவு பற்றிய கல்விப்புல விவாதம் பழையது. எர்வின் அக்கெர்க்நெக்ட் 1948இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை என்ற கொள்கை செல்வாக்கோடு இருந்ததற்கு, தனிமைப்படுத்தலை வெறுத்த தாராளவாத வணிக வர்க்கத்தின் நலனும் ஒரு காரணம். 1999இல் பீட்டர் பால்ட்வின் இதை மறுத்தார். நோய் வரும் பாதையில் முதலில் இருந்த நாடுகள் பதறி எல்லையை அடைத்தன; தொலைவில் இருந்த நாடுகளுக்கு முன்னவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது; அரசியல் சித்தாந்தத்தைவிடப் புவியியல் அதிகம் தீர்மானித்தது என்றார். எனக்கு பால்ட்வின் சொல்வது பெரும்பாலும் சரியென்று படுகிறது. ஆனாலும் துறைமுக நகரங்களின் கதையில் அக்கெர்க்நெக்டைத் தள்ளிவைக்க முடியவில்லை. 1900இல் சான்பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் பிளேக் கண்டறியப்பட்டது. கலிஃபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ் பிளேக்கே இல்லை என்று சாதித்தார். கண்டுபிடித்துச் சொன்ன மத்திய அரசு மருத்துவ அதிகாரி ஜோசப் கின்யோன் 1901இல் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். நோயே இல்லை என்று சொல்லப்பட்ட அந்த ஊரில் சீனர் தெருக்களைச் சுற்றி மட்டும் கயிறு கட்டப்பட்டது. வெள்ளையர் கடைகளின் வாசலில் அந்தக் கயிறு வளைந்து ஒதுங்கிப் போனது. பாரபட்சமானது என்று நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது.

நம் பக்கத்துக் கதை பம்பாயில் தொடங்குகிறது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக்கை அடையாளம் கண்டார். முதலில் அரசு மழுப்பியது. பிறகு ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியச் சரக்குகளைத் தடுக்கப்போகின்றன என்ற நிலை வந்தது. 1897 தொடக்கத்தில் வெனிஸில் சர்வதேச மாநாடு கூடியது. அதற்குச் சற்று முன்னால், பிப்ரவரி 4 அன்று, கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம். அதன் பலத்தில் அதிகாரிகள் வீடு புகுந்தார்கள், கூரை பிரித்தார்கள், ரயில் நிலையத்தில் பெண்களைச் சோதித்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திலகர் ராஜதுரோக வழக்கில் சிறை போனார். இவை பாடநூலில் உண்டு. பாடநூலில் அவ்வளவாக இல்லாத ஒன்று, பம்பாய் மக்களில் பெரும் பகுதியினர் ஊரைவிட்டு ஓடிய அந்த மாதங்களில் ஆலை முதலாளிகள் பட்ட பாடு. தெருமுனையில் நின்று கூலியை ஏற்றிச் சொல்லி ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. மாத முடிவில் சம்பளம் என்ற வழக்கத்தைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. அன்றைய கூலி அன்றைக்கே வேண்டும் என்றார்கள். நோய்க்கு அஞ்சிக் கலைந்த தொழிலாளியின் பேரபலம் அவ்வளவு உயர்ந்தது அபூர்வம். அது நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராமேசுவரம் தீவுக்கு இக்கரையில் மண்டபம் முகாம் உருவானது இன்னொரு வகைப் பேரம். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வேண்டும், ஆனால் அவர்களோடு பிளேக்கும் காலராவும் வரக் கூடாது. எனவே இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே முகாம் நடத்தித் தொழிலாளர்களைத் தங்கவைத்து, சோதித்து, மருந்தடித்து அனுப்பியது. தேயிலை உற்பத்தியும் தடைபடவில்லை, தொழிலாளர்கள் வழியே நோய் போவதும் பெருமளவு தடுக்கப்பட்டது. இரண்டையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. விலையை முகாமில் காத்துக் கிடந்தவர்கள் கட்டினார்கள்.

1918 இன்ஃபுளுவென்சாவைப் பொருளியலாளர்கள் ஒரு சோதனைக்கூடமாகப் பயன்படுத்தினார்கள். ஃபிலடெல்ஃபியா அந்த ஆண்டு செப்டம்பர் 28இல் போர்க் கடன் பத்திரங்களுக்காக 2 லட்சம் பேர் கூடிய ஊர்வலத்தை நடத்தியது. செயின்ட் லூயி சீக்கிரமே திரையரங்கு, பள்ளி, தேவாலயம் எல்லாவற்றையும் மூடியது. கொரேயா, லக், வெர்னர் ஆகிய மூவரும் 2020 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, முன்கூட்டியே கட்டுப்பாடு விதித்த அமெரிக்க நகரங்கள் பிறகு பொருளாதாரத்திலும் வேகமாக எழுந்தன என்றது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை மேற்கோள் காட்டின. பிறகு வேறு ஆய்வாளர்கள், அந்த நகரங்கள் நோய்க்கு முன்பிருந்தே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தவை என்று சுட்டிக்காட்டினார்கள். கடைசியில் தேறிய முடிவு அடக்கமானது: கட்டுப்பாடுகள் பொருளாதார வீழ்ச்சியைக் கூடுதலாக்கியதற்குச் சான்றில்லை. ‘வளர்ச்சி தந்தது’ என்பதற்கும் ‘கூடுதல் கேடு செய்யவில்லை’ என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அந்தத் திருத்தம் முதல் ஆய்வின் அளவுக்குப் பேசப்படவில்லை.

கொரோனா காலத்தின் தரவுகள் இதைவிடத் தெளிவானவை. ஆஸ்டன் கூல்ஸ்பி, சாட் சிவர்சன் இருவரும் அமெரிக்காவில் கைபேசி இடத்தரவுகளை வைத்துக் கடைகளுக்குப் போனவர்களைக் கணக்கிட்டார்கள். ஒரே வணிக வட்டாரத்துக்குள் ஒரு மாவட்டத்தில் ஊரடங்கு இருக்கும், பக்கத்து மாவட்டத்தில் இருக்காது; அந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். கடைப் போக்குவரத்து மொத்தத்தில் 60 சதவிகிதப் புள்ளி விழுந்தது. அதில் சட்டத்தால் விழுந்தது 7 மட்டும். மிச்சத்தை மக்களின் பயமே செய்துவிட்டது. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் ஒப்பிட்ட வங்கித் தரவு ஆய்வும் இதையே சொன்னது: ஊரடங்கு போட்ட டென்மார்க்கில் மக்களின் செலவு 29 சதவிகிதம் குறைந்தது, போடாத ஸ்வீடனில் 25. தலைமைத் தொற்றுநோயியல் அதிகாரி ஆண்டெர்ஸ் டெக்னெல்லின் ஸ்வீடனை வழிபட்டவர்களும் வசைபாடியவர்களும் அந்த நாட்டைக் கடைசிவரை பார்க்கவில்லை. முதல் ஆண்டில் அங்கே முதியோர் இல்லங்களில் நடந்த சாவுகள் அண்டை நாடுகளைவிடப் பல மடங்கு. அரசு அமைத்த விசாரணைக் குழுவே தொடக்க நடவடிக்கைகள் போதாதவை, தாமதமானவை என்று 2022இல் சொன்னது. மூன்று ஆண்டுகளின் மிகை மரணத்தைக் கூட்டிப் பார்த்தாலோ ஸ்வீடன் ஐரோப்பாவின் குறைந்த வரிசையில் வருகிறது. கட்டாயப்படுத்தாமலே மக்கள் ஒதுங்கியிருந்ததும், நோய்விடுப்புக்குச் சம்பளம் கிடைத்ததும் இதில் பெரும் பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

பயமே கடையை மூடிவிடும் என்பது வீட்டில் பத்து நாளைக்கு அரிசி உள்ளவர்களுக்குப் பொருந்தும். பெருவைப் பாருங்கள். 2020 மார்ச் நடுவிலேயே கடுமையான ஊரடங்கு அறிவித்த நாடு அது. ராணுவம் தெருவில் நின்றது. இருந்தும் உலகில் மக்கள்தொகைக்கு மிக அதிகச் சாவு கண்ட நாடுகளில் ஒன்றானது. 2021 மே இறுதியில் அரசே கணக்கைத் திருத்தி, இறந்தோர் எண்ணிக்கையை ஏறக்குறைய 69,000இலிருந்து 1,80,000ஆக உயர்த்தியது. உற்பத்தியும் 2020இல் 11 சதவிகிதம் சரிந்தது. இரண்டும் போயின. உழைப்பாளர்களில் பெரும்பாலோர் அமைப்புசாராதவர்கள். பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் சந்தைக்கு அடிக்கடி போக வேண்டும். அரசு உதவித்தொகையை அறிவித்தது, ஆனால் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அதை வாங்க வங்கி வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். நோய் பரவியது சந்தையிலும் அந்த வரிசையிலும். தைவானில் 2020இல் ஊரடங்கே இல்லை, பொருளாதாரம் வளர்ந்தது. சார்ஸ் அடித்த 2003இலிருந்து கட்டிவைத்த எல்லைக் கண்காணிப்பும் தொடர்புத் தேடலும் அவர்களிடம் இருந்தன. பேரத்தில் எவ்வளவு இழக்க நேரும் என்பதைப் பெருமளவு நோய் வருவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளே முடிவுசெய்துவிடுகின்றன.

ஏழை நாடுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பார்னெட்-ஹவல், முபாரக் என்ற இரு பொருளியலாளர்கள், இளைஞர்கள் அதிகமுள்ள, மருத்துவமனைப் படுக்கைகள் எப்படியும் போதாத நாடுகளில் ஊரடங்கின் பயன் குறைவு, அதன் சுமையோ அதிகம் என்று வாதிட்டார்கள். வாதத்தின் சாரத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கணக்குகளில் ஓர் உயிரின் மதிப்பை அந்நாட்டு வருமானத்தைக் கொண்டு நிர்ணயிப்பார்கள். அமெரிக்க அரசுத் துறைகள் அப்போது ஓர் உயிருக்கு ஏறத்தாழ 1 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டிருந்தன. ஏழை நாட்டு உயிருக்கு அதில் சிறு பங்குதான். கணக்கு போட்டு முடிப்பதற்கு முன்பே பாதி விடை அதற்குள் வந்துவிடுகிறது.

இந்தியா 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் மூடியது. நாடு முழுக்க அப்போது தொற்று எண்ணிக்கை சில நூறு. அந்த ஆண்டு ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவிகிதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பெரும் பட்டினியை அது தடுத்தது. ரொக்கமாக வந்ததோ, பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் என மூன்று மாதங்கள். ஏழைகளைத் தாங்கிப் பிடிக்க 65,000 கோடி ரூபாய் போதும் என்று ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் ஏப்ரல் இறுதியில் சொன்னார். மே மாதம் அறிவிக்கப்பட்ட 20 லட்சம் கோடித் திட்டத்தில் பெரும்பகுதி கடனும் உத்தரவாதமும்தான். ரயில் தண்டவாளம் வழியே ஊருக்கு நடந்த தொழிலாளர்கள் 16 பேர் மே 8இல் அவுரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். சொந்த ஊருக்குப் போக ரயில் விடத் தொடங்கியதே மே 1ஆம் தேதிதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பேரத்தின் மூன்று காட்சிகளைச் சற்று நின்று பார்க்கலாம். முதலாவது சென்னையின் கோயம்பேடு காய்கறி அங்காடி. அங்காடியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு முன்பே வந்தது; வியாபாரிகள் இணங்கவில்லை, அரசும் வற்புறுத்தவில்லை. சென்னைக்குக் காய்கறி வேண்டும், அது நியாயமான கவலை. பிறகு ஏப்ரல் 24இல், 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் கிடைத்த ஒரே நாளில் ஊரே சந்தைக்குப் போனது. கட்டுப்பாட்டை அறிவித்த விதமே கூட்டத்தை உண்டாக்கிற்று. மே 5இல் அங்காடியை மூடுவதற்குள் சுமைதூக்குபவர்களும் லாரி ஓட்டுநர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று பல மாவட்டங்களுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்களில் அவர்களை ‘கோயம்பேடு ஆள்’ என்று ஒதுக்கினார்கள். பிறகு திருமழிசையில் தற்காலிகச் சந்தை வந்தது, செப்டம்பரில் கோயம்பேடு திறந்தது. ஏப்ரலிலேயே இடம் மாற்றியிருந்தால் காய் விலை சில நாள் ஏறியிருக்கும்.

இரண்டாவது டாஸ்மாக். அப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தந்த அரசு மதுக்கடைகள். ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்கள் தாமாக வரி விதிக்க மிஞ்சியிருக்கும் பொருள்களில் முக்கியமானவை மதுவும் பெட்ரோலும்தான். மே 7இல் சென்னை தவிர்த்த இடங்களில் கடைகள் திறந்தன. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக கடைத் திறப்பை எதிர்த்துப் போராடியது. அடுத்த ஆண்டு ஜூன் 14இல் திமுக அரசு 27 மாவட்டங்களில் கடைகளைத் திறந்தது. அன்றைய எதிர்க்கட்சிகள் போராடின. கட்சிகளைக் கேலி செய்வது சுலபம். நிவாரணம் கொடுக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு, வரி விதிக்கும் அதிகாரம் பெருமளவு ஒன்றியத்துக்கு என்ற ஏற்பாட்டில், எந்த மாநில அரசும் அந்தக் கதவைத்தான் முதலில் திறக்கும்.

மூன்றாவது பள்ளிக்கூடம். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. மதுக்கடை மூடியிருந்ததை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். சிறுபிள்ளைகளின் வகுப்பறை ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்திய ஆய்வு, இந்தக் காலத்தில் கணிதத்தில் பிள்ளைகள் பெரிய அளவிலும் தமிழில் ஓரளவும் பின்தங்கியதைக் காட்டியது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்களால் வந்தது. ஆறுதலான முடிவு. மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்குக்கு யாரும் ஊர்வலம் போகவில்லை. குழந்தைகளுக்கு வாக்கு இல்லை, சங்கம் இல்லை, அவர்களால் வரி வருவாயும் இல்லை. முரணே இல்லை என்ற வாதம் எனக்கு நிற்காமல் போகும் இடம் இதுதான்: நோய் குறித்த பயம் அடங்கிய பிறகும் கதவு மூடியே இருந்தது, ஏனென்றால் திறந்து ஏதாவது நடந்தால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், மூடியிருந்தால் எவரும் கேட்கமாட்டார்கள்.

சிங்கப்பூரில் இதே தர்க்கம் வேறு வடிவில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டுமானத் தொழிலாளர்கள் உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுதி அறைகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். 2020 டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 சதவிகிதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. சிகிச்சை நன்றாக இருந்தது, சாவு மிகக் குறைவு. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நகரவாசிகள் கடைத்தெருவில் நடமாடத் தொடங்கி நெடுநாள் ஆன பிறகும் அந்தத் தொழிலாளர்கள் விடுதிக்கும் வேலைத்தளத்துக்கும் இடையில் மட்டும் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டார்கள். மண்டபம் முகாமைப் பற்றிப் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்வதும் முழு நியாயமாகாது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா 2009இல் அமெரிக்கத் தேர்தல் தரவுகளை வைத்துக் காட்டியது இது: பேரிடருக்குப் பின் நிவாரணம் கொடுக்கும் அரசுக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள், முன்தயாரிப்புக்குச் செலவழிக்கும் அரசுக்கு வாக்கு கூடுவதில்லை. தடுக்கப்பட்ட சாவுக்கு இறுதி ஊர்வலம் கிடையாது, எனவே அதைத் தடுத்தவருக்கு மாலையும் கிடையாது. பிரேசிலின் அப்போதைய அதிபர் போல்சனாரோ ஊரடங்கைப் பரிகசித்தவர். ஆனால் சுமார் 6.8 கோடிப் பேருக்கு மாதம் 600 ரெயால் கொடுத்தது அவருடைய அரசு. 2020 நடுவில் அவருடைய செல்வாக்கு உயர்ந்தது, வறுமையும் தற்காலிகமாகக் குறைந்தது. அந்த நாட்டில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் இறந்தார்கள். பணம் கொடுத்தால் சாவை மறப்பார்கள் என்ற கசப்பான பாடத்தை இதிலிருந்து சிலர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

முதல் ஊரடங்கில் சூடுபட்ட இந்திய அரசு இரண்டாவது அலையில் எதிர்த்திசைக்குப் போனது. ஊரடங்கு கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும் என்று பிரதமர் 2021 ஏப்ரல் 20இல் மாநிலங்களுக்குச் சொன்னார். அப்போது கும்பமேளாவும் தேர்தல் கூட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26இல் காட்டமாகக் கண்டித்தது. சில நூறு தொற்றுக்கு நாட்டையே மூடிய அரசு, அன்றாடம் லட்சக்கணக்கில் தொற்று வந்தபோது முடிவை மாநிலங்களிடம் விட்டது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் மிகை மரணம் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மேயில் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு 4.81 லட்சம். அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. எதை இழந்தோம் என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது, எதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்ற கணக்கை எப்படிப் போடுவது?

இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு வருவோம். 2020 மார்ச் 29இல் உள்துறை அமைச்சகம், ஊரடங்கு நாட்களுக்கும் முதலாளிகள் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மூடச் சொன்னது அரசு, கூலி கொடுக்க வேண்டியது சிறு பட்டறைக்காரர். அவர்கள் வழக்குப் போட்டார்கள். மே நடுவில் ஆணை கைவிடப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறந்தவர் குடும்பங்களுக்கான கருணைத் தொகையும் இப்படித்தான். 4 லட்சம் கேட்டு வழக்கு வந்தது. அவ்வளவு கொடுக்க நிதி தாங்காது என்றது ஒன்றிய அரசு. 2021இல் நீதிமன்றம் வற்புறுத்திய பிறகு 50,000 ரூபாய் என்று முடிவானது, அதுவும் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து.

தென்கொரியா 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி, அரசு உத்தரவால் வியாபாரம் இழந்த சிறு கடைக்காரர்களுக்கு ஈடுகட்டுவதை அரசின் கடமையாக்கியது. 1897 சட்டத்திலும் இழப்பீடு என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது: இழப்பீடு ஏதேனும் இருந்தால் அதை யார் தருவது என்று அரசு முடிவு செய்துகொள்ளலாம். பெற உரிமை இருப்பதாக அதில் இல்லை. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது என்பதற்கு மட்டும் தனிப் பிரிவே இருக்கிறது. 2020இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 7 ஆண்டு வரை சிறை சேர்த்தார்கள், தேவையான திருத்தம்தான். கூலி பற்றி ஒரு வாக்கியம்கூடச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் சுமார் 2 கோடி அட்டைகளுக்குத் தலா 4,000 ரூபாயை இரண்டு தவணைகளில் ரேஷன் கடை வழியே சில வாரங்களில் கொடுத்துமுடித்தார்கள். கடையை மூடச் சொல்லும் ஆணையோடு இந்தத் தொகையையும் சேர்த்துச் சட்டத்தில் எழுதிவைக்க நிர்வாகத் தடை ஏதும் இல்லை. அப்படி எழுதினால் அடுத்த முறை ஊரடங்கு போடும் அரசு அதன் விலையைத் தன் கருவூலத்திலிருந்தே கட்ட வேண்டிவரும்; எட்டு மணிக்கு அறிவித்துப் பன்னிரண்டு மணிக்கு மூடுவதற்கு முன் நிதித்துறைச் செயலாளரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.